எங்கள் போன்களின் பிரைவேட் வைஃபை அட்ரஸை அணைக்கச் சொல்லாதீர்கள்

அனுப்புநர்:
விடுதி வைஃபை சந்தாதாரர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: டிவைஸ் லிமிட் கோளாறு, ரீசெட் கட்டணம், தவறான அறிவுரை தொடர்பான புகார்.

ஐயா / அம்மையீர்,

பீளமேட்டில் நாங்கள் தங்கியிருக்கும் மகளிர் விடுதிக்கு உங்கள் நிறுவனம்தான் வைஃபை தருகிறது. தனி இணைப்பு எடுக்க விடுதியில் அனுமதி இல்லை. அதனால் உங்கள் சேவை சரியில்லை என்றாலும் எங்களால் வேறு இடம் போக முடியாது. ஒரு கணக்குக்கு இரண்டு சாதனங்கள் என்பது உங்கள் திட்டம். என்னிடம் இருப்பது ஒரு ஐபோனும் ஒரு லேப்டாப்பும்தான். ஆனாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை உங்கள் லாகின் பக்கம் ‘டிவைஸ் லிமிட் முடிந்துவிட்டது’ என்று சொல்லி இணைப்பைத் தர மறுக்கிறது. அதை ரீசெட் செய்ய ஒவ்வொரு தடவையும் 49 ரூபாய் வாங்குகிறீர்கள்.

உங்கள் உதவி மையத்தில் கேட்டால், “போனில் பிரைவேட் வைஃபை அட்ரஸ் ஆன் ஆகியிருக்கிறது, அணைத்துவிடுங்கள்” என்கிறார்கள். இப்போது அதையே விடுதியின் வாட்ஸ்அப் குழுவிலும் அறிவிப்பாகப் போட்டுவிட்டீர்கள். இந்தப் புகாரை எழுத வைத்தது அந்த அறிவிப்புதான்.

கோளாறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 12 இலக்க அடையாளம் ஒன்று உண்டு, அதுதான் மேக் முகவரி. தயாரிப்பில் பதிந்த அந்த முகவரியை எல்லா இடத்திலும் காட்டாமல், நெட்வொர்க்குக்கு ஒன்றாக வேறு முகவரி காட்டும் வசதி (ஐபோனில் அதன் பெயர்தான் பிரைவேட் வைஃபை அட்ரஸ்) ஆண்ட்ராய்டு 10-இலும் 2020-இல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 14-இலும் இயல்பாகவே ஆன் ஆகி வந்தது. 2024-இல் வந்த ஐஓஎஸ் 18, இதை ஆஃப், ஃபிக்ஸ்டு, ரொட்டேட்டிங் என்று மூன்றாகப் பிரித்தது. ரொட்டேட்டிங்கில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகவரி மாறும். பாதுகாப்பு இல்லாத, அல்லது பலவீனமான நெட்வொர்க்கில் சேரும்போதுதான் ஐபோன் தானாக ரொட்டேட்டிங்கைத் தேர்ந்தெடுக்கிறது.

உங்கள் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் சேரலாம், அப்புறம் ஓடிபி கேட்கிறீர்கள். அது ஓப்பன் நெட்வொர்க் என்பதால் என் போன் முகவரியை மாற்றுகிறது. மாறிய முகவரியை உங்கள் சர்வர் மூன்றாவது சாதனமாக எண்ணிக்கொள்கிறது. பழைய முகவரியும் என் கணக்கிலேயே கிடக்கிறது. பாதுகாப்புக் குறை உங்களுடையது, அதற்கான கட்டணம் மட்டும் எங்கள் தலையிலா?

அறிவிப்பிலும் இரண்டு பெரிய தவறுகள். இந்த அமைப்பு ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனியானது. உங்கள் வைஃபைக்கு மட்டும் என்று நீங்கள் எங்குமே சொல்லவில்லை. எங்கள் மாடியில் சிலர் அலுவலகம், சொந்த வீடு என்று எல்லா இடத்திலும் அணைத்துவிட்டார்கள். இன்னொன்று, சரியாகவில்லை என்றால் ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். ஐபோனில் அப்படிச் செய்தால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) அமைப்பும் போய்விடும். அடுத்த முறை சேரும்போது புதிய பிரைவேட் முகவரியும் வரும். அதாவது உங்கள் கணக்கில் இன்னொரு சாதனம் கூடும். என் அறைத்தோழிக்கு அதுதான் நடந்தது. வேலைக்கான விபிஎன்னையும் இழந்து, ரீசெட் கட்டணத்தையும் கட்டினாள்.

மேக் முகவரி தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று உங்கள் ஊழியர் கேட்டார். 2013-இல் லண்டன் மாநகரின் மையப்பகுதியில் தெருவோரக் குப்பைத்தொட்டிகளில் கருவி வைத்து, கடந்து போகிறவர்களின் போன் மேக் முகவரிகளை ஒரு விளம்பர நிறுவனம் சேகரித்தது. விஷயம் வெளியே வந்ததும் நகர நிர்வாகம் அதை நிறுத்தச் சொன்னது. உங்களிடம் எங்கள் பெயர், போன் நம்பர், அறை எண் எல்லாம் இருக்கின்றன. அவற்றோடு மாறாத உண்மையான முகவரியும் சேர்ந்தால், அதே முகவரி பதிவான வேறு எந்த இடத்தோடும் ஒருத்தியைப் பெயர் சொல்லிப் பொருத்திவிடலாம். பெண்கள் தங்கும் விடுதியில் இதை லேசாக எடுத்துக்கொள்ள எங்களால் முடியாது.

முதலில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். அணைத்தவர்கள் மறுபடி ஆன் செய்யும்படி அதே குழுவில் எழுதுங்கள். தற்காலிகமாக, ஐபோன் வைத்திருப்பவர்கள் உங்கள் நெட்வொர்க்குக்கு மட்டும் ‘ஃபிக்ஸ்டு’ வைத்தாலே முகவரி நிலையாக இருக்கும், உண்மையான முகவரியும் வெளியே போகாது. ஊழியர்களுக்கு இதையாவது கற்றுக்கொடுங்கள். ஆனால் நிலையான வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி யூசர்நேம், பாஸ்வேர்டு தரும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்டர்பிரைஸ் முறைக்கு மாறினால் ஆளை அடையாளம் காண மேக் முகவரியே தேவைப்படாது. அதுவரை, பயன்பாட்டில் இல்லாத பழைய முகவரிகளை சர்வரே கணக்கிலிருந்து நீக்கட்டும். எது பிரைவேட் முகவரி என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அதன் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இந்தக் காரணத்துக்காக என்னிடமும் விடுதியில் மற்றவர்களிடமும் வாங்கிய ரீசெட் கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். பதிலை போனில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சேவைக் குறைபாடு என்று புகார் பதிவு செய்வேன். லாகின் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கட்டண ரசீதுகள், வாட்ஸ்அப் அறிவிப்பின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
விடுதி சந்தாதாரர்