பத்தாயத்து ஓலைகளுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நாகர்கோவில் பக்கம் எங்கள் பழைய வீட்டு நெல் பத்தாயத்தில் கிடந்த 14 ஓலைச் சுருணைகளையும் படமெடுத்து முடித்தாயிற்று. மொத்தம் 611 ஓலை, இரண்டு பக்கமும் சேர்த்து 1222 படம். நேரில் வந்து நன்றி சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மைனிக்கு, அதாவது அண்ணிக்கு. வீட்டை இடிக்கிறோம் என்றதும், “ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டுவிடுவோம், அதுதான் மரியாதை” என்றார்கள் பெரியவர்கள். ஏடு தேடி அலைந்த உ.வே.சா. இதே கதையைக் கேட்டு நொந்துபோயிருக்கிறார். மைனி யாரிடமும் வாதாடவில்லை. சுருணைகளை அரிசிச் சாக்கில் கட்டித் தன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்து, கேமராவோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் இருவருக்கு. உங்களை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தேன். பாட்டா காலத்தில் ஆராய்ச்சிக்கென்று ஒருவர் வாங்கிப்போன இரண்டு சுருணை திரும்பவே இல்லை. “ஓலை உங்கள் வாசலைத் தாண்டாது, படம் மட்டும்தான் வெளியே போகும்” என்றீர்கள். சொன்னபடியே திண்ணையில் கறுப்புத் துணி விரித்து உட்கார்ந்தீர்கள். முதல் நாளே, தலைமுறை தலைமுறையாகச் சுருண்டு கிடந்த ஓலையொன்றை நான் அவசரமாக விரிக்கப்போய் டக்கென்று ஒடிந்தது. ஒரு வார்த்தை திட்டாமல், புல்தைலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவிக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்தீர்கள். மை தடவாத ஓலையில் எழுத்தே கண்ணுக்குத் தெரியாது. விளக்கை நீங்கள் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் எழுத்தாணிக் கீறல் ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழுந்துவந்ததே, அதை மறக்கமாட்டேன்.

அப்புறம் தமிழாசிரியர் அண்ணாச்சி. இந்த ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, குறில் நெடில் கொம்புக்கு வித்தியாசம் கிடையாது. ‘பெரன’ என்று கிடப்பதை ‘பேரன்’ என்று இடம் பார்த்துத்தான் படிக்கவேண்டும். போதாததற்கு நடுநடுவே வட்டெழுத்து என்ற பழைய எழுத்து வேறு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேடிப் படித்ததைச் சொல்லிச் சொல்லியே எங்களை உட்காரவைத்தீர்கள்.

எங்களுடையது அவ்வளவு பெரிய சமாசாரம் இல்லை. பெரும்பாலும் ஒற்றி (அடமானம்), பாட்டம் (குத்தகை), நெல் கணக்கு. ஆனால் ஓர் ஓலை. கொல்லம் ஆண்டு ௯௱௬௰௭ (967) தை மாதம், அதாவது 1792. வயலை ஒற்றி வைத்துப் பணம் வாங்குகிறாள் ஒருத்தி. கடைசியில் ஒரு கோணல் கீறல்; பக்கத்தில் வேறு கையில், இது இன்னாளுடைய தற்குறி, அதாவது கையெழுத்துக்குப் பதில் போட்ட கீறல், என்று சாட்சியாக மேலெழுத்து. எழுதத் தெரியாத அந்தக் கை அழுத்திய அழுத்தத்தில் ஓலையே லேசாகக் கிழிந்திருக்கிறது. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

கரன்ட் போன நாளெல்லாம் இன்வெர்ட்டர் வயரை மதில்மேல் போட்டுத்தந்த பக்கத்து வீட்டுக்கும், ஓலைக்கட்டுக்கு வேப்பம்பலகை இழைத்துத் தந்து கூலி வாங்க மறுத்த ஆசாரிக்கும் நன்றி. படங்கள் மூன்று ஹார்டு டிஸ்க்கில், மூன்று வேறு வீடுகளில் இருக்கின்றன.

பிள்ளைகளே, உங்கள் கேமரா ஸ்டாண்டு இன்னும் எங்கள் திண்ணையில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மைனி அவியல் வைக்கிறாராம்.