பார்மெட் மட்டும் வேண்டாம்

பட்டர்வொர்த், பினாங்கு.

அன்பு மகளுக்கு,

வீட்டுக் கணினியைச் செந்தூலுக்குக் கொண்டுபோய் மாட்டியும், கடவுச்சொல் கேட்கும் திரையைத் தாண்ட முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குத் தூக்கிப் போகலாமா என்றும் கேட்டாயாம். கொஞ்சம் பொறு மா. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையைச் செய்.

உனக்கு வேண்டியது கடவுச்சொல் இல்லை, உள்ளே கிடக்கும் கோப்புகள். தாத்தா படங்கள், தண்ணீர்மலைத் தைப்பூச வீடியோ, அம்மாவின் வருமான வரிக் காகிதங்கள். வரி ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம், அதையும் மனத்தில் வை. இவற்றை எடுக்கக் கடவுச்சொல்லே தேவையில்லை. அதனால் முதலில் கோப்புகளை வெளியே எடு, பிறகு கடவுச்சொல்லைத் தொடு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் தவிக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் விசைப்பலகையைச் சந்தேகப்படு. அதில் இருப்பது விண்டோஸ் 7. வீட்டுக் கணினியில் எத்தனை முறை தப்பாகப் போட்டாலும் அது பூட்டிக்கொள்ளாது, தைரியமாக முயன்று பார்க்கலாம். ஒரு முறை தப்பாகப் போட்டால் கீழே குறிப்பு ஒன்று வரும், அதைப் படி. நம்லாக் அணைந்திருந்தால் வலப்பக்க எண் விசைகள் எண்ணைப் போடாது. திரையின் இடது மேல் மூலையில் மொழிக் குறி இருந்தால், அது ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பார். தமிழுக்கு மாறியிருந்தால் நீ எதைத் தட்டினாலும் தப்புத்தான். கடலோரக் காற்றில் இருந்த பழைய விசைப்பலகையில் ஓர் எழுத்து செத்துப்போயிருப்பதும் சாதாரணம். புள்ளிகளாகத் தெரிவதால் அது கண்ணில் படாது. இடது கீழ் மூலையில் உள்ள நீல வட்டப் பொத்தானை அழுத்தி, திரை விசைப்பலகையை வரவழைத்து, மவுஸாலேயே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார். அம்மாவின் கணக்கும் அந்தத் திரையில் இருக்கிறது. அது நிர்வாகிக் கணக்காக இருந்தால் அதற்குள் போய், கன்ட்ரோல் பேனலில் உன் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றலாம். ஆனால் அதுவும் வெளியிலிருந்து மாற்றுவதுதான், கோப்புகளை எடுத்த பிறகே செய்.

மறந்ததைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களுக்குக் காசு கட்டாதே. விண்டோஸ் உன் கடவுச்சொல்லை அப்படியே எங்கும் எழுதி வைப்பதில்லை. அதை அரைத்து வந்த 16 பைட் எண்ணை மட்டும் சிஸ்டம்32 என்ற அடைவுக்குள் (ஃபோல்டர்) சாம் என்ற கோப்பில் வைத்திருக்கிறது. அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. அந்த மென்பொருள்கள் ஊகித்து ஊகித்து ஒப்பிட்டுத்தான் பார்க்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தாக்கி, 7 எழுத்தாக இரண்டு துண்டு போட்டு அரைத்த இன்னோர் எண்ணையும் வைத்தார்கள், அதை உடைப்பது சுலபம். விண்டோஸ் 7 வழக்கமாக அந்த இரண்டாவது எண்ணை வைப்பதில்லை. ஆகவே பழையதைத் தேடாமல், புதிதாகப் போட்டுக்கொள்வதுதான் நடக்கிற வழி.

புதிதாகப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் உன் உள்நுழைவுக் கடவுச்சொல்லை வைத்தே பூட்டப்பட்டவை. நீயே உள்ளே போய் மாற்றினால் விண்டோஸ் அவற்றைப் புதிய சொல்லுக்கு மாற்றிப் பூட்டும். வெளியிலிருந்து மாற்றினால் பூட்டியபடியே நின்றுவிடும். ஃபயர்ஃபாக்ஸ் தன் பூட்டைத் தானே வைத்திருப்பதால் தப்பிவிடும். புரொஃபஷனல் பதிப்பில், பெயர் பச்சை நிறத்தில் தெரியும் மறையாக்கிய கோப்புகளுக்கும் இதே கதிதான். பின்னால் பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்தால், உள்ளே போய் அதையே மறுபடி வைத்துப் பார், பூட்டியவை திறந்துகொள்ளும். அதனால் நினைவில் உள்ள ஊகங்களை ஒரு தாளில் எழுதி வை.

இனி வேலை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று எடு. அதில் உள்ளது எல்லாம் அழியும், காலியானதாகப் பார்த்து எடு. விண்டோஸைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே கணினியை ஓட்டும் இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். உன் லேப்டாப்பில் அதன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கு, ஏறக்குறைய 3 ஜிபி வரும். ரூஃபஸ் என்ற சிறிய இலவச மென்பொருளால் அதைப் பென்டிரைவில் எழுது. பார்ட்டிஷன் வகை கேட்கும் இடத்தில் எம்பிஆர் என்று வை. கணினியை முதலில் எழுப்பும் பழைய பயாஸ் நிரலுக்கு அதுதான் புரியும்.

பென்டிரைவைக் கணினியின் பின்பக்கத் துளையில் செருகு. முன்பக்கத் துளைகள் தளர்ந்திருக்கும், பாதியில் அறுந்தால் எரிச்சல். மின்சாரம் போட்டதும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இரு. ஆசுஸ் தாய்ப்பலகைக்கு எஃப்8, கிகாபைட்டுக்கு எஃப்12, எம்எஸ்ஐக்கு எஃப்11. எது நம்முடையது என்று முதல் திரையிலேயே பெயர் காட்டும். பட்டியலில் பென்டிரைவ் தெரியாவிட்டால் ஹார்ட் டிஸ்க் என்ற வரியைத் திறந்து பார், சில பழைய பலகைகளில் அதற்குள் ஒளிந்திருக்கும். திரை கறுப்பாகவே நின்றால், மறுபடி தொடங்கி, மின்ட் மெனுவில் இணக்க முறையைத் தேர்ந்தெடு. 2 ஜிபி ரேமில் மெதுவாகத்தான் நகரும், ஓடும்.

மின்ட் திறந்ததும் மேசைத்திரையில் இன்ஸ்டால் என்று ஒரு படம் நிற்கும். அதன் பக்கமே போகாதே. தவறி அதை முழுக்க ஓட்டினால் தாத்தா படங்களோடு சேர்த்து எல்லாம் போய்விடும்.

கம்ப்யூட்டர் சன்னலில் 100 எம்பி அளவில் ஒரு சிறு பகுதி தெரியலாம், அது விண்டோஸ் தன் துவக்கத்துக்கு வைத்துக்கொண்டது. பெரிய பகுதியைத் திற. யூசர்ஸ், அதற்குள் உன் பெயர். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் எடு. டவுன்லோட்ஸையும் விடாதே, வரி ரசீதுகள் பாதி அங்கேதான் கிடக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்தியிருந்தால் ஆப்டேட்டா, ரோமிங், மோசில்லா என்று போய் அந்த அடைவையும் முழுதாக எடு. அப்புறம் விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ். நீ ஏன் என்று கேட்பாய். யூனிகோடு பரவுவதற்கு முன் முரசு அஞ்சல் என்ற மென்பொருளில் தட்டிய தமிழ்க் கடிதங்கள், அந்தப் பழைய எழுத்துரு இல்லாத கணினியில் பொருளில்லாத குறிகளாகத்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். எழுத்துருவும் கூடவே வந்தால் படிக்கலாம்.

எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடு. அது எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய தைப்பூச வீடியோ ஏறாது. நகலெடுத்தது முடிந்ததாகக் காட்டினாலும் உடனே பிடுங்காதே. எஜெக்ட் அழுத்தி, எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை இரு. லினக்ஸ் மீதியைப் பின்னால் எழுதிக்கொண்டிருக்கும். பிறகு உன் லேப்டாப்பில் நாலைந்து படங்களைத் திறந்து பார்.

அது சரியாக இருந்தால்தான் கடவுச்சொல். மின்ட்டிலேயே விண்டோஸ் அடைவு, அதற்குள் சிஸ்டம்32. யுட்டில்மேன் டாட் இஎக்ஸ்இ என்ற கோப்பைத் தேடி அதன் பெயரின் கடைசியில் ஓல்ட் என்று சேர். அதன் பிறகே அதே அடைவிலுள்ள சிஎம்டி டாட் இஎக்ஸ்இயை நகலெடுத்து, நகலுக்கு யுட்டில்மேனின் பழைய பெயரை வை. வரிசையை மாற்றாதே: லினக்ஸ் சிற்றெழுத்தையும் பேரெழுத்தையும் வேறாகப் பார்ப்பதால் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் உண்டாகிக் குழப்பும். பெயர் மாற்ற விடவில்லை என்றால், விண்டோஸ் முழுதாக அணையாமல் உறக்க நிலையில் நிற்கிறது என்று பொருள். உள்நுழைவுத் திரைக்குத் திரும்பி, வலது கீழ்ப் பொத்தானால் முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு மறுபடி வா.

பென்டிரைவை எடுத்துவிட்டு விண்டோஸைத் தொடங்கு. நான் சொன்ன அந்த நீல வட்டப் பொத்தானை அழுத்தினால் இப்போது கறுப்புச் சன்னல் திறக்கும். நெட், இடைவெளி, யூசர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்து. கணக்குப் பெயர்கள் வரும். திரையில் காட்டும் பெயரும் உண்மையான கணக்குப் பெயரும் வேறாக இருக்கலாம், பட்டியலில் உள்ளதையே நம்பு. மறுபடி நெட் யூசர், அதன் பின் அந்தப் பெயர், இடைவெளி, புதிய கடவுச்சொல். பெயருக்குள் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் போடு. வெற்றி என்று ஒரு வரி வரும். உள்ளே போகலாம்.

போனதும் விட்டுவிடாதே. மின்ட்டுக்குத் திரும்பி அந்த நகலை அழித்து, ஓல்ட் என்று சேர்த்ததை நீக்கு. இல்லையென்றால் அறைத்தோழி, ரிப்பேர்காரர் என யார் அந்தப் பொத்தானை அழுத்தினாலும் கணினி முழுதும் அவர் கையில். உன் தோழிகள் யாராவது அடுத்தவர் கணினியில் இதைச் செய்யச் சொன்னால் மறுத்துவிடு. அனுமதியில்லாமல் நுழைவது 1997 கணினிக் குற்றச் சட்டப்படி 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ.

தாய்ப்பலகையின் நாணய பேட்டரியைக் கழற்றினால் கடவுச்சொல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகாது, பயாஸுக்கு வைத்த கடவுச்சொல்லைத்தான் அது அழிக்கும். கூடவே பயாஸில் டிஸ்க்கைப் படிக்கும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறிவிட்டால், 7பி என்று முடியும் பிழை எண்ணோடு விண்டோஸ் நீலத் திரையில் விழும். டிஸ்க் போய்விட்டது என்று கடைக்காரர் புதிது விற்பார். பயாஸில் திரும்ப ஏஹெச்சிஐ வைத்தால் சரியாகிவிடும். கடிகாரம் பழைய ஆண்டைக் காட்டினால் மட்டும் சிஆர்2032 பேட்டரி வாங்கி மாற்று, சில ரிங்கிட்தான். தேதி தப்பாக இருந்தால் பாதி இணையத்தளங்கள் திறக்காது.

கணினியே எழும்பாவிட்டால் லோ யாட்டுக்குப் போ, ஆனால் கணினியைத் தூக்கிக்கொண்டு அல்ல. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்ட, அதன் சாட்டா முனையை யுஎஸ்பியாக்கும் இணைப்பி ஒன்று வாங்கு. மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி மின்சாரம் வேண்டும், அடாப்டரோடு வரும் இணைப்பியாகக் கேள். டிஸ்க் டக் டக் என்று அடித்தால் உடனே நிறுத்து, ஓடஓடக் கெடும். அப்போது கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பார்மெட் வேண்டாம், டேட்டா மட்டும் எடுங்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்கு.

எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல் பேனலில் யூசர் அக்கவுன்ட்ஸ் திறந்து, இடப்பக்கம் உள்ள கடவுச்சொல் மீட்பு டிஸ்க்கை ஒரு பென்டிரைவில் செய்துகொள். பிறகு கடவுச்சொல்லை மாற்றினாலும் அது வேலை செய்யும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் ஆதரவு இல்லை, குரோமும் 109ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. வங்கி வேலை, கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) கணக்கு எதையும் அதில் திறக்காதே. படங்களின் இன்னொரு பிரதியை, அம்மாவின் வரிக் காகிதங்களோடு சேர்த்து, அடுத்த முறை வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
அப்பா