பிள்ளையின் ரத்த வகை: ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழின் குடும்பப் பக்கத்தில் ரத்த வகை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் படிக்க வைத்தார்கள் என்பதே சரி. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே, காலை எட்டு மணிக்கு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதன் படம் வந்துவிட்டது. அனுப்பியவர் என் நாத்தனார், அதாவது என் கணவரின் அக்கா. வயது 84. ஒரு வாக்கியத்துக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுப் படம் பிடித்திருந்தார். கூட ஒரு வார்த்தை இல்லை. கும்பிடும் கை மட்டும்.

கோடு போட்ட வாக்கியம் இது: "தாய்க்கும் தந்தைக்கும் இல்லாத ரத்த வகை பிள்ளைக்கு வர வழியே இல்லை."

வழி இருக்கிறது ஐயா. அந்த வழியில் வந்தவன்தான் என் மகன். இப்போது அவனுக்கு 45 வயது.

1995 தீபாவளி. அவனுக்குப் பதினைந்து வயதாகி, ஐசி, அதாவது சிங்கப்பூர் அடையாள அட்டை, கைக்கு வந்த வருடம். அப்போதெல்லாம் ஐசியின் பின்பக்கத்தில் ரத்த வகை அச்சிட்டிருக்கும், உங்களுக்கும் நினைவிருக்கும். ஈசூனில் எங்கள் நாலறை வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து, யாருடைய ஐசிப் படம் ரொம்ப மோசம் என்று விளையாட்டு ஆரம்பித்தது. முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாருடைய ஐசியையும் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பினார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு என் நாத்தனார் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். "தம்பி பி. இவ ஏ. பையன் மட்டும் எப்படி ஓ?"

கேட்டது அவ்வளவுதான். என் மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை வாயில் போடவில்லை. என் கணவர் சிரித்துவிட்டு டிவி பக்கம் போனார். அதற்குப் பிறகு பதினொரு நாள், சம்பளம், மீன் விலை, தண்ணீர் பில் தவிர என்னோடு வேறு பேச்சே இல்லை. வாய்விட்டுக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் கேட்கவே இல்லை. மகன் குளித்துவிட்டு வரும்போது அவன் காது மடலையும் மூக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன்.

எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடியில் ஒரு தாதி இருந்தார். எல்லாரும் அவரை மிஸ்ஸி என்றே கூப்பிடுவோம். மின்தூக்கியில் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். அன்று இரவே வீட்டுக்கு வந்தார். என் மகனின் கேரம் காய்களை எடுத்துவரச் சொன்னார். கருப்புக் காய் ஏ, வெள்ளைக் காய் பி, வெறும் கை ஓ என்றார். என் கணவரின் ஒரு கையில் வெள்ளையை வைத்து மூடச் சொன்னார், இன்னொரு கையை வெறுமனே மூடச் சொன்னார். எனக்கு ஒரு கையில் கருப்பு, மற்றது வெறுமை. "உங்க மாமியார் ஐசியில் என்ன போட்டிருக்கு?" ஓ. "உங்க அப்பாவுக்கு?" ஓ. "ஓ-க்காரங்ககிட்ட இருக்கறதே ரெண்டு வெறும் கைதான். அதுல ஒண்ணைத்தான் பிள்ளைக்குக் கொடுக்க முடியும்" என்றார். அதனால் எங்கள் இருவரிடமும் ஒவ்வொரு வெறும் கை கட்டாயம் இருக்கிறது.

அப்புறம் என் மகனைக் கூப்பிட்டு, அப்பாவிடம் ஒரு கை, அம்மாவிடம் ஒரு கை தட்டச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நாங்கள் முதுகுக்குப் பின்னால் காயை மாற்றிக்கொண்டோம். கருப்பும் வெள்ளையும் வந்தால் ஏபி. கருப்பு மட்டும் என்றால் ஏ. வெள்ளை மட்டும் என்றால் பி. ஏழாவதோ எட்டாவதோ தடவை தட்டியபோது இரண்டு கையும் காலி. என் கணவர் தன் வெறும் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் கேரம் பவுடர் ஒட்டியிருந்தது. "நாலுல ஒண்ணு" என்றார் மிஸ்ஸி, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். மாமியாரின் ஐசியும் அன்று அதே மேசையில்தான் கிடந்தது. அதைத் திருப்பிப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஓ வகைத் தாய்க்குப் பிறந்தவர் என்பதால் என் நாத்தனாரின் ஒரு கையும் வெறுமைதான். இதை முப்பது வருடமாக அவரிடம் சொல்லவில்லை, மரியாதைக்காக.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஏ மரபணு சிவப்பணுவின் மேல் ஒரு சர்க்கரையை ஒட்டுகிறது, பி மரபணு வேறொன்றை ஒட்டுகிறது, ஓ எதையும் ஒட்டுவதில்லை. அதனால்தான் அது ஏ-க்குப் பின்னாலோ பி-க்குப் பின்னாலோ தலைமுறை தலைமுறையாகச் சத்தமில்லாமல் வந்துகொண்டிருக்கும். ரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் பிரித்துக் காட்டியது 1901ல். பிள்ளைக்கு எது எப்படி வரும் என்ற கணக்கை ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மன் கணித அறிஞர் போட்டுக் கொடுத்தது 1924ல். நூறு வருடம் தாண்டிவிட்டது. தபால் தாமதம் போலிருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் வேறு. பெற்றோரில் ஒருவர் ஏபி என்றால் பிள்ளை ஓ ஆவது மிக அரிது, இருவரும் ஓ என்றால் பிள்ளையும் ஓ. இதுகூட எப்போதும் நிற்காது. 1952ல் பம்பாயில் கண்டுபிடித்த வகை ஒன்று உண்டு. ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவதற்கான அடித்தளமே அந்த ரத்தத்தில் இல்லாததால், உள்ளே ஏ மரபணுவோ பி மரபணுவோ இருந்தாலும் சோதனையில் ஓ என்றே காட்டும். நம் ஊர்ப்பக்க ரத்தம்தான் அது, ஐரோப்பாவில் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். யார் தகப்பன் என்று தெரிய வேண்டியவர்களுக்கு மரபணுச் சோதனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குடும்பப் பக்கம் அதற்கு வேண்டாம்.

எழுத உட்கார்ந்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். 2008ல் உங்கள் இதழ் ஆர்எச் நெகட்டிவை, அதாவது ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் என்பதில் வரும் அந்த நெகட்டிவை, "ரத்தக் குறைபாடு" என்று எழுதியது. என் மகள் ஆர்எச் நெகட்டிவ். நானும் என் கணவரும் பாசிட்டிவ். இதுவும் அதே வெறும் கைக் கணக்குதான். அப்போது அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்த ஒரு குடும்பம் உங்கள் வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு, கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனது. பிறகு அவளுக்கு நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. கர்ப்பத்தில் 28வது வாரம் ஓர் ஊசி, பிள்ளை பிறந்து 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி, அவ்வளவுதான் அந்தக் "குறைபாடு". சீனர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே உள்ள ரத்தம் அது. இந்தியர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறது. இந்தத் தீவில் அவசரத்துக்கு யாரிடம் கேட்பார்கள்? அவுட்ரம் ரோடு ரத்த வங்கியில் அவளை எப்படி வரவேற்பார்கள் என்று வந்து பாருங்கள். அன்றைக்கும் உங்களுக்கு எழுதினேன். பதில் இல்லை.

ரத்த வகையை வைத்துக் குணம் சொல்லும் துணுக்கை வெளியிட்டபோதும் எழுதினேன். ஓ வகைக்காரர் பிடிவாதக்காரர் என்று போட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் பிடிவாதக்காரி ஏ வகை. அந்தக் கடிதத்தை வெளியிட்டீர்கள், நன்றி. ஆனால் கடைசி இரண்டு வரியை மட்டும், நலம் விசாரித்ததை மட்டும்.

பொது இடங்களில் தமிழ் அறிவிப்புப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போனால் படம்பிடித்து முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். போட வேண்டியதுதான், நானும் ரசிப்பேன். ஒரு புள்ளியால் யாருடைய வீட்டிலும் பதினொரு நாள் பேச்சு நின்றதில்லை.

என் கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. அந்தக் கேரம் இரவைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தேக்கா சந்தையிலிருந்து எனக்கு மல்லிகைப்பூ வாங்கிவந்தார். ஞாயிறு காலை குழுவில் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் மகன் உடனே எனக்கு போன் செய்தான். "அம்மா, பாத்தீங்களா?" என்றான். பார்த்தேன் என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. மருமகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாலு வரித் திருத்தம். ஏ வகைக்கும் பி வகைக்கும் ஓ பிள்ளை பிறக்கலாம் என்று, சுற்றி வளைக்காமல். கடைசிப் பக்க மூலையில் அல்ல, அதே குடும்பப் பக்கத்தில், 84 வயதுக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், சுற்றிலும் கட்டம் போட்டு. கத்தரித்துப் படம் பிடிக்க வசதியாக இருக்கும். எனக்கும் கும்பிடும் கை அனுப்பத் தெரியும்.

என் பெயரைப் போட வேண்டாம். அவரும் உங்கள் வாசகிதான்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி