செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நம் ஊருக்கு ஒரு நினைவு நாணயம்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நாணயச் சேகரிப்பாளர் கழக உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு இதே கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டோம். நம் நகராட்சிக்கு 150 ஆண்டு நிறையப் போகிறது, அதற்கு ஒரு நினைவு நாணயம் வெளிவர நம் கழகம் முயல வேண்டும் என்பது தீர்மானம். எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டோம். அதை எப்படிச் செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை அதைத் தெரிந்துகொள்வதிலேயே போயின. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நடக்கவில்லை.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி நாணயம் அடிக்கும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் நாணயம் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 1000 ரூபாய் நாணயம் வந்தது நமக்குத் தெரியும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அதைக் கூட்டத்துக்கு எடுத்து வந்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆனால் அது ராஜராஜன் கட்டிய கோயில். நம்முடையது ஒரு சின்ன ஊர். சின்ன ஊர்களுக்கு எங்காவது நாணயம் அடித்திருக்கிறார்களா என்று தேடியபோதுதான் 1930களின் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு ஊர் குடியேறி இத்தனை ஆண்டு ஆயிற்று என்றால், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிரதிநிதி மூலமாக நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவருவார்கள். சட்டம் நிறைவேறினால் நாணயச்சாலை வெள்ளியில் அரை டாலர் அடித்து, முகமதிப்புக்கே உள்ளூர்க் குழுவிடம் கொடுத்துவிடும். குழு அதைக் கூடுதல் விலைக்கு விற்று, வரும் பணத்தில் விழா நடத்தும். 1936இல் மட்டும் இப்படி எத்தனையோ ஊர்களின் நாணயங்கள் வந்தன.

அவற்றில் எங்கள் மனத்தைப் பிடித்துக்கொண்டது நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷல். பிரான்சில் மத அடக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் என்னும் புராட்டஸ்டன்ட் மக்கள் 1688இல் அங்கே குடியேறினார்கள். விட்டுவந்த துறைமுக நகரமான லா ரோஷலின் பெயரையே புது ஊருக்கும் வைத்தார்கள். மறு ஆண்டு, பெல்ஹாம் பண்ணையின் உரிமையாளர் ஜான் பெல்லிடமிருந்து 6,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. தேவாலயத்துக்கென்று அவர் தனியாக 100 ஏக்கர் கொடுத்தார். பத்திரத்தில் ஒரு நிபந்தனை: ஆண்டுதோறும் ஜூன் 24 அன்று, பெல் கேட்டால், நிலம் வாங்கியவர்கள் அவருக்குக் கொழுத்த கன்று ஒன்று கொடுக்க வேண்டும்.

250ஆம் ஆண்டு நாணயத்தின் முகப்பில் இருப்பது அந்தக் கன்றுதான். பழைய கால உடையில் ஜான் பெல் கயிற்றைப் பிடித்திருக்கிறார், கன்று வர மறுத்துத் திமிறுகிறது. பின்புறம் பிரெஞ்சு லில்லிப்பூச் சின்னம். முதலில் வேறொருவர் வரைந்த வடிவங்களை அமெரிக்க அரசின் கலை ஆணையம் ஏற்காததால், கெர்ட்ரூட் லாத்ராப் என்ற சிற்பியிடம் வேலை போனது. விலங்குச் சிற்பங்களில் பேர் வாங்கியவர் அவர். கன்றின் கால்களைப் பார்த்தாலே அது தெரியும். பத்திரத்தின் ஒரு வரியை எடுத்து உள்ளங்கையில் அடங்கும் வெள்ளிக்குள் ஒரு ஊரின் பிறப்பையே வைத்துவிட்டார்கள். நான் பார்த்த நினைவு நாணயங்களில் இதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர்கள் யார் தெரியுமா? வெஸ்ட்செஸ்டர் மாவட்ட நாணயக் கழகத்தினர். நம்மைப் போன்ற ஒரு உள்ளூர்க் கழகம்! இதை நம் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசை உறுப்பினர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சட்டம் 1936 மே 5 அன்று வந்தது. உச்ச அளவு 25,000. பிலடெல்பியாவில் 1937 ஏப்ரலில் அடித்தார்கள், ஆனால் நாணயத்தில் பொறித்த ஆண்டு விழா ஆண்டான 1938. ஒரு நாணயம் இரண்டு டாலர் என்று விற்றார்கள். விற்காமல் மிஞ்சிய 9,749 நாணயங்களை நாணயச்சாலைக்கே திருப்பி அனுப்பி உருக்கிவிட்டார்கள். மிஞ்சியதைப் பதுக்கி வைத்துப் பின்னால் விலையேற்றவில்லை. வெளியில் தங்கியது 15,251.

எல்லா ஊரும் இப்படி நடந்துகொள்ளவில்லை. 1935இல் ஹட்சன் நகரத்துக்கு வந்தவை 10,000தான். அதில் பெரும்பகுதி மொத்தமாக ஒரு வியாபாரி கைக்குப் போனது, தனித்தனியாகப் பணம் அனுப்பியவர்கள் ஏமாந்தார்கள். சின்சினாட்டியில் 'இசை மையமான 50ஆம் ஆண்டு' என்று ஒரு நாணயம். 1886இல் அப்படிக் குறிப்பாக எதுவும் அங்கே தொடங்கவில்லை. மூன்று நாணயச்சாலைகளில் 5,000 செட் அடித்து, ஒன்றரை டாலர் முகமதிப்புள்ள செட்டை 7.75 டாலருக்கு விற்றார்கள். இந்த மாதிரி வேலைகள் பெருகியதால் 1939 ஆகஸ்ட்டில் ஒரு சட்டம் போட்டு, பழைய அனுமதிகளின்படி மேலும் அடிப்பதையே நிறுத்தினார்கள். 1936இல் வந்த லிஞ்ச்பர்க் நகர நாணயத்திலோ, அப்போது உயிரோடிருந்த செனட்டர் கார்ட்டர் கிளாஸின் முகம். அவருக்கே அதில் விருப்பமில்லை என்பார்கள்.

எல்ஜின் நகரத்தை இவற்றோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. சிற்பி ட்ரிக்வே ரோவெல்ஸ்டாட் முன்னோடிக் குடியேறிகளுக்கு ஒரு சிலை வைக்க ஆசைப்பட்டார். அந்த நிதிக்காகத்தான் 1936இல் நாணயம், அதை வடிவமைத்தவரும் அவர்தான். பணம் போதவில்லை. சிலை நின்றது 2001இல், அவர் காலமான பிறகு.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். நாணயம் கேட்டு மத்திய அரசுக்கு மனு அனுப்பும் முயற்சியைக் கைவிடவில்லை. வரைவு தயார், நகராட்சியின் பரிந்துரைக் கடிதம் கிடைத்ததும் அனுப்புவோம். ஆனால் அதையே நம்பி விழா ஆண்டைக் கோட்டைவிடக் கூடாது. அதனால் கழகமே ஒரு செம்புப் பதக்கம் வெளியிட வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அதில் ரூபாய் மதிப்போ சிங்க முகச் சின்னமோ இருக்காது, 'பதக்கம்' என்ற சொல் தெளிவாக இருக்கும். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. நம் பிப்ரவரிக் கண்காட்சிக்கு ஒரு பாட்டி, 1818 என்று போட்ட, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 'கம்பெனிக் காசு' ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ சொல்லி விற்றிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே இல்லை என்று அவரிடம் சொல்ல வேண்டி வந்தது. நாம் வெளியிடும் எதுவும் நாளைக்கு இன்னொரு பாட்டியை ஏமாற்றப் பயன்படக் கூடாது.

எண்ணிக்கையை முன்பதிவு முடிந்ததும் அறிவிப்போம், அதற்கு மேல் ஒன்றுகூட அடிக்க மாட்டோம். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் இல்லை, வியாபாரிகளுக்கு மொத்த விற்பனை இல்லை. வேலை முடிந்ததும் அச்சை உறுப்பினர்கள் முன்னிலையில் குறுக்கே அறுத்துவிடுவோம். வரவு செலவு முழுவதையும் அடுத்த பொதுக்குழுவில் வைப்போம்.

கழகத்தின் மற்ற வேலைகள்: நூலகத்துக்கு இரண்டு அலமாரி வந்திருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான ஞாயிறு வகுப்பு தொடர்கிறது. அப்புறம், சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே பொருளாளரிடம் கட்டிவிட்டால் நல்லது. கணக்கை அவர் தனியாக வாசிப்பார்.

பதக்கத்தின் முகப்பில் என்ன வருவது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. எந்தத் தலைவரின் முகமும் வேண்டாம் என்பதில் மட்டும் செயற்குழு ஒருமனதாக இருக்கிறது. நம் ஊரின் கன்று எது என்று தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரம், தீர்வை ரசீது, குளம் வெட்டிய கணக்கு, சந்தை ஏலச் சீட்டு எது இருந்தாலும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஆகஸ்ட் மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பார்த்துப் படமெடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

நன்றி.

செயலாளர்