ஆடலும் உடல்நலமும் ஒரே கல்லூரியில்: உயர்கல்வி அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸ் உயர்கல்வி அமைச்சர் அவர்களுக்கும் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் வணக்கம்.

உடல்நலம், உடற்பயிற்சி, நடனம், பொழுதுபோக்குக் கலைகள் ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று நம் தீவுக்கு வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். 1970இல் மோக்காவில் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனம் பரதநாட்டியத்தைப் பட்டப்படிப்பு வரை வளர்த்திருக்கிறது. அதற்கு அருகிலேயே ரெடுயியில் மொரீஷியஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆயினும் ஆடலைக் கற்பவர் உடலியலை ஆழமாகக் கற்பதற்கும், உடற்பயிற்சியைக் கற்பவர் ஆடலை அறிவதற்கும் உரிய பொதுவான பாடத்திட்டம் நம்மிடம் இல்லை.

இந்தப் பிரிவினை ஏட்டோடு நிற்பதில்லை. பரதநாட்டியத்தில் முழங்கால்களை மடக்கிப் பாதி அமர்ந்து நிற்கும் அரைமண்டி நிலையில் தொடைகள் இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். பாதங்களை மட்டும் திருப்பி அமரும் சிறுமிக்கு அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. சிமெண்டுத் தரையில் நாள்தோறும் பாதங்களைத் தட்டித் தட்டடவு போடும் குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் என்ன நேரும் என்பதை தாளமிட்டு ஆடலை நடத்தும் நட்டுவாங்கம் அறிந்த ஆசிரியர் அறிவியல் முறைப்படியும் அறிந்திருந்தால், எத்தனையோ பிள்ளைகள் வலியால் ஆட்டத்தை விட்டுவிடாமல் தொடர்வார்கள்.

பெரியவர்களின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. நம் நாட்டில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு நோய் இருக்கிறது. இயங்கும் தசை இரத்தச் சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்வதால், ஆடல் அவர்களுக்கு உண்மையாகவே பயன் தரும். ஆனால் நெடுநாள் நீரிழிவால் பாத நரம்புகள் உணர்விழந்திருந்தால், வெறுங்காலோடு ஆடும்போது ஏற்படும் கொப்புளம்கூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். தை மாத வெயிலில் சுடும் தார்ச்சாலையில் காவடி சுமந்து நடக்கும் நம் பக்தர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. விரதக் காலத்திலேயே அவர்களின் பாதங்களைப் பார்த்து வழிகாட்டக்கூடியவர்கள் ஒவ்வொரு கோவிலுக்கும் தேவைப்படுகிறார்கள்.

புவான்ட் ஓ சாபிளிலும் பெல் மாரிலும் முதியோருக்கெனப் பொழுதுபோக்கு மையங்களை அரசு நடத்திவருவது பாராட்டத்தக்கது. அங்கே மூட்டுவலி உள்ள பாட்டிமாரை நாற்காலியில் அமர்த்தியே அபிநயம் பிடிக்க வைக்கவும், ராவான் பறைக்கு நம் தீவின் மரபு ஆடலான சேகா ஆட விரும்பும் தாத்தாவின் நாடித்துடிப்பைக் கவனிக்கவும் பயின்ற பட்டதாரிகளுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கலாம். சேகாவையும் பரதத்தையும் இக்கல்லூரி சமமாக நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மொரீஷியஸ் சேகாவை விருப்பப் பாடமாக ஒதுக்குவது முறையன்று.

புதிய கட்டிடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மோக்காவும் ரெடுயியும் இணைந்து வழங்கும் ஒரு கூட்டுப் பட்டமும், அதிர்வைத் தாங்கும் மரத்தளம் இட்ட ஒரு பயிற்சிக் கூடமும், ரோட்ரிக்ஸ் தீவு மாணவர்களுக்குத் தங்குமிடமும் தொடக்கத்துக்குப் போதும். நடன ஆசிரியர்கள், மருத்துவர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் ஆகியோரைக் கொண்ட பாடத்திட்டக் குழுவை இந்த ஆண்டே அமைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைகளை நடனம் பயில அனுப்பும் தமிழ்ப் பெற்றோரில் ஒருவர்