ஐபிஎஸ் செல்லும் கொழுப்பு ஊசியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி, சற்று நேரத்தில் மூட்டிலோ கண்ணிலோ ஊசியாகப் போடுவதற்கும் 'ஸ்டெம் செல்' (வேறு வகை செல்களாக மாறக்கூடிய மூல செல்) என்றே பெயர். ஐபிஎஸ் செல்லுக்கும் (காவல்துறைக்குச் சம்பந்தமில்லை) அதே பெயர்தான். பின்னதன் புகழை முன்னதற்குச் சூட்டி விளம்பரம் செய்கிறார்கள். செய்திகளிலும் இந்தக் குழப்பம் தொடர்கிறது.

தோல், ரத்த செல்களை, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய கரு நிலைக்குத் திருப்பிப் பெறுவது ஐபிஎஸ் செல். ஜப்பானின் கியோட்டோவில் விஞ்ஞானி யாமனாகாவின் குழு 24 மரபணுக்களில் தொடங்கி, நான்கு போதும் என்று 2006-இல் எலி செல்லில் காட்டியது. அந்த நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயைத் தூண்டக்கூடியது.

வளர்ப்பதும் லேசான வேலையல்ல. 37 டிகிரி வெப்பம், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, பெரும்பாலும் தினமும் புது ஊட்டத் திரவம். நான்கைந்து நாளில் தட்டு நிறைந்துவிடும். பிரித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒற்றை ஒற்றையாகப் பிரித்தால் பெரும்பாலானவை செத்துவிடும். அதனால் சிறு கொத்துகளாகவே எடுப்பார்கள். ஒற்றையாக்கித்தான் தீர வேண்டுமென்றால் ஒய்-27632 என்ற மருந்தை 10 மைக்ரோமோலார் அளவில் முதல் நாள் மட்டும் சேர்ப்பார்கள். கொத்தின் விளிம்பு கத்தரித்தாற்போல இருந்தால் நல்லது. விளிம்பு பிசிறடித்தால் செல்கள் தம்போக்கில் வேறாக மாறத் தொடங்கிவிட்டன. அந்தப் பகுதியைச் சுரண்டி எறிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறுதான் மோசம். 20-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு கூடுதலாகிவிட்ட செல் எளிதில் சாகாது. சில முறை தட்டு மாற்றுவதற்குள் தட்டையே பிடித்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாது, வழக்கமான குரோமோசோம் சோதனையிலும் சிறிய துண்டு தப்பிவிடலாம். வேண்டிய உறுப்பின் செல்லாக மாறாமல் ஐபிஎஸ் நிலையிலேயே நின்றுவிட்ட செல்கள் கொஞ்சம் கலந்து உடலுக்குள் போனாலும், பல வகைத் திசுக்கள் கலந்த டெரடோமா கட்டி வரக்கூடும்.

2014-இல் ஜப்பானின் கோபே நகரில் விழித்திரை நோயாளி ஒருவருக்கு, அவருடைய தோலிலிருந்தே ஐபிஎஸ் செல் வழியாக உருவாக்கிய 1.3க்கு 3 மி.மீ. விழித்திரை செல் தகடு பொருத்தப்பட்டது. ஓராண்டு கழித்துப் பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை, கட்டியும் வரவில்லை. இரண்டாவது நோயாளியின் செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அறுவையையே நிறுத்திவிட்டார்கள். இது வெளியான 2017 மார்ச் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழிலேயே அமெரிக்காவின் ஃபுளோரிடா செய்தியும் வந்தது: இரு கண்ணிலும் கொழுப்பு செல் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கு ஏற்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் மருத்துவ ஆய்வாகவே நடக்க வேண்டும். இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது, எந்த செல், எங்கிருந்து எடுத்தது, ஆய்வுப் பதிவு எண் என்ன என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள்.

செல் வளர்ப்பு ஆய்வாளர்கள் இருவர், சென்னை