கல் இல்லாத வரிசைகளையும் அளந்து வை

அன்பு மகளுக்கு,

யார்க்‌ஷர் டேல்ஸில் (வட இங்கிலாந்து) அந்தக் குவேக்கர் (எளிமையைப் போற்றும் ஒரு கிறித்தவப் பிரிவு) இடுகாட்டைப் பதிவு செய்து தர ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாய். "முப்பத்தொரு கல்தான் அம்மா, சனி ஞாயிறில் முடிந்துவிடும்" என்ற வரியைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கற்களுக்கு இரண்டு நாள் போதும். இடுகாட்டுக்குப் போதாது.

குவேக்கர் நிலத்தில் கற்களைவிடக் கல் இல்லாத இடத்தில்தான் ஆட்கள் அதிகம். குவேக்கர்களின் தலைமை அமைப்பான லண்டன் ஆண்டுக் கூட்டம் 1717-இல் கல்லறைக்கல் வைப்பதைக் கண்டித்து, வைத்திருப்பதையும் எடுக்கச் சொன்னது. 1766-இல் அதையே திரும்பச் சொன்னது. எல்லாருக்கும் ஒரே மாதிரியான எளிய கல்லாக இருந்தால் வைக்கலாம் என்று இளகியது 1850-இல். ஆகவே 1660-களில் தொடங்கிய ஒரு நிலத்தில் ஏறக்குறைய இருநூறு வருடச் சாவுகளுக்கு மேலே புல் மட்டும்தான் இருக்கும். சொன்னதைக் கேட்காத ஊர்களில் பழைய கல் ஒன்றிரண்டு தப்பியிருக்கும், அவ்வளவுதான். இருக்கிற கல்லும் சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று நம்பிவிடாதே. பக்கிங்ஹாம்ஷரின் ஜோர்டன்ஸில், பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென்னின் பெயர் தாங்கி நிற்கும் கல், 1718-இல் அவர் இறந்து நூறு வருடத்துக்கும் மேலான பிறகு நட்டது.

நிலத்துக்குப் போகும் முன் இரண்டு வேலை. முதலாவது அனுமதி. பெரும்பாலும் ஏரியா மீட்டிங்கின் (வட்டாரக் குவேக்கர் சபையின்) அறங்காவலர்கள்தான் உரிமையாளர்கள், எழுத்தில் வாங்கு. என்ன செய்ய மாட்டாய் என்பதையும் அதிலேயே எழுதிக் கொடு: தோண்ட மாட்டேன், புல்தரையை உரிக்க மாட்டேன், கம்பி குத்திப் பார்க்க மாட்டேன். இங்கிலாந்தில் 1857-ஆம் வருட அடக்கச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எலும்பைக் கிளறுவது குற்றம்.

இரண்டாவது காகிதம். 1840-இல் குவேக்கர்கள் தங்கள் பிறப்பு, திருமண, அடக்கப் பதிவேடுகளை அரசிடம் ஒப்படைத்தார்கள். அவை இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற தொகுப்பில் இருக்கின்றன. ஒப்படைக்கும் முன் எடுத்து வைத்த சுருக்கப் படிகள் லண்டன் ஃபிரண்ட்ஸ் ஹவுஸ் நூலகத்தில் உள்ளன. அடக்கங்களை எண்ணும்போது மீட்டிங்கின் பெயரை வைத்து எண்ணாதே. "புதைத்த இடம்" என்ற கட்டத்தைப் பார். ஒரே மீட்டிங்குக்கு இரண்டு மூன்று இடுகாடுகள் இருந்ததுண்டு. உறுப்பினர் அல்லாதவர் என்று குறிப்பிட்ட பெயர்களையும் விட்டுவிடாதே, அவர்களும் அதே மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

அடுத்தது தேதி. அதிகமாகத் தப்பு நடக்கும் இடம் இதுதான். குவேக்கர்கள் மாதங்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பழைய ரோமானியக் கடவுள்களின் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது என்பதால் முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணாலேயே எழுதுவார்கள். 1752-க்கு முன் இங்கிலாந்தில் வருடம் பிறந்தது மார்ச் 25-இல். அவர்கள் கணக்கில் மார்ச்தான் முதல் மாதம். ஆகவே "11-ஆம் மாதம் 10, 1690" என்று இருந்தால் அது நவம்பர் இல்லை. வருடத் தொடக்கத்தை மட்டும் நம் வழக்கத்துக்கு மாற்றினால் 1691 ஜனவரி 10. ஒரு பெண் செத்து இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை பெற்றதாகப் பட்டியல் காட்டினால், யாரோ இந்த இடத்தில் வழுக்கியிருக்கிறார்கள். மூலத்தில் உள்ளதை அப்படியே ஒரு பத்தியிலும், மாற்றிய தேதியைப் பக்கத்துப் பத்தியிலும் எழுது. ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதாதே.

இனி நிலம். பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ போ. பிரேக்கன் செடியும் காஞ்சொறியும் எழும்பிவிட்டால் தரை தெரியாது.

சுவருக்குள்ளே நீளவாக்கில் ஒரு அடிக்கோடு இழு. இரு முனையிலும் சிறிய மரமுளை, அதுவும் சுவரை ஒட்டியே. அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக ஒவ்வொரு கல்லுக்கும் உள்ள தூரத்தை (ஆப்செட்) எடு. செங்கோணத்துக்கு 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போதும். சுவர் சதுரமாகத் தெரிந்தாலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அள. பழைய உலர்கல் சுவர்கள் கண்ணை ஏமாற்றும். டேப்பைக் கிடைமட்டமாகப் பிடி. சரிவோடு படுக்கவைத்தால் 2 மீட்டர் இறங்கும் நிலத்தில் 20 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் கூடிவிடும். வரைபடம் 1:100 அளவில். சாதாரணத் தாள் அந்த ஊர் ஈரத்துக்குத் தாங்காது. டிராஃப்டிங் ஃபிலிமும் (ஈரம் தாங்கும் பிளாஸ்டிக் வரைதாள்) கடினமான 4எச் பென்சிலும் கொண்டுபோ. ஜி.பி.எஸ். கருவி இருந்தால் இரண்டு முளைகளைத் தேசியக் கட்டத்தோடு (பிரிட்டிஷ் வரைபட ஆயக் கட்டம்) இணை. மரத்தடியில் அது சொல்லும் எண்ணை நம்பாதே.

கல்லுக்கொரு அட்டை: வரைபட எண், உயரம், அகலம், தடிமன், கல்லின் வகை, எழுத்து பார்க்கும் திசை, நிலைமை. குவேக்கர் கல்லில் பட்டமும் இருக்காது, வசனமும் இருக்காது. பெயர், வயது, தேதி, முடிந்தது. அதனால் ஒவ்வொரு இலக்கமும் கனமானது. 1-ஐயும் 7-ஐயும், 3-ஐயும் 8-ஐயும் கண்ணால் தீர்மானிக்காதே. பக்கவாட்டில் கண்ணாடி பிடித்து வெயிலைச் சாய்த்து விழவிடு. வடக்கு முகத்துக்குக் கறுப்புத் துணிப் போர்வையும் டார்ச்சும். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, பிறகு ஒப்பிடுங்கள். தெரியாத எழுத்துக்குப் பகர அடைப்புக்குறி. பதிவேட்டைப் பார்த்துக் கல்லைத் திருத்தவே கூடாது. கல் வெட்டியவனும் தப்பு செய்திருப்பான், அந்தத் தப்பும் பதிவுதான். சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை, கம்பிப் பிரஷ் எதுவும் வேண்டாம். பாசிபோல் ஒட்டியிருக்கும் லைக்கனைச் சுரண்டினால் மணற்கல்லின் மேல்தோலும் கூடவே உரிந்து வரும்.

கல் இல்லாத தரைதான் பெரிய வேலை, கண்ணு. சவப்பெட்டியின் மூடி உளுத்து விழும்போது மேல்மண் சில சென்டிமீட்டர் அமிழும். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமும் 60, 70 சென்டிமீட்டர் அகலமுமாக ஒரு பள்ளம், குழந்தைகளுக்குக் குறைவு. காலை வெயில் தாழ்ந்திருக்கும்போது, உறைபனி படிந்த நாளில் அது நன்றாகத் தெரியும். கோடை வறண்டால் இன்னொரு வாய்ப்பு: குழி மண் ஈரம் காப்பதால் அங்கே புல் பச்சையாக நிற்கும், புதைந்த கல்லின் மேல் முதலில் பழுக்கும். கண்ணால் மட்டும் விடாமல் அரை மீட்டருக்கு ஒரு தரை மட்டம் (உயரம்) எடு. 20-க்கு 15 மீட்டர் நிலத்துக்கு 1,271 புள்ளிகள் வரும். இரண்டு பேருக்கு இரண்டு நாள். அலுப்புத்தான். ஆனால் 5 சென்டிமீட்டர் சமஉயரக் கோடு போட்டதும் வரிசைகள் தாமாகவே எழுந்து வரும்.

ஒற்றைப் பள்ளத்தைக் கல்லறை என்று எழுதாதே. விழுந்த மரத்தின் வேரும், முயலும், பிடுங்கிய கேட் கம்பமும்கூடப் பள்ளம் விடும். அதே அளவு, அதே திசை, சீரான இடைவெளி இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வர வேண்டும். கிழக்கு மேற்காகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டாதே. புனிதப்படுத்திய மண் என்பதையே ஏற்காதவர்கள், திசைக்கும் எல்லா இடத்திலும் கட்டுப்படவில்லை. கணவன் மனைவியை அடுத்தடுத்துத் தேடாதே. பல இடங்களில் செத்த வரிசைப்படிதான் புதைத்தார்கள். பார்த்ததை முழுக்கோட்டிலும் ஊகித்ததை விட்டுவிட்டு இழுத்த கோட்டிலும் வரை.

மண்ணின் மின்தடையை அளந்து குழிகளைக் காட்டும் மின்தடைக் கருவி இரவல் கிடைக்கும் என்றாயே, வாங்கிக்கொள். ஆனால் அரை மீட்டர் இடைவெளியில் எடு. வழக்கமான 1 மீட்டரில் ஒரு குழிமேல் ஒன்றிரண்டு புள்ளிதான் விழும், குழந்தைக் குழிகள் நழுவிவிடும். களிமண் என்றால் தரை ஊடுருவும் ரேடார் வேண்டாம், அலை உள்ளே போகாது. காந்தமானி இரும்பு வேலியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கும்.

கடைசியில் கையில் மூன்று எண்ணிக்கை இருக்கும்: கல், பள்ளம், பதிவேட்டுப் பெயர். மூன்றும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகச் செய்யவும் முயலாதே. மூன்றையும் தனித்தனியே அச்சிட்டு, ஒரு படி மீட்டிங்குக்கு, ஒரு படி மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு, ஒரு படி அந்த வட்டாரத்தின் தொல்லியல் பதிவேட்டுக்குக் கொடு.

கிளம்பும் முன் அடித்த முளைகளை எண்ணிப் பிடுங்கு. ஒன்று புல்லில் தங்கினாலும் அங்கே புல் அறுக்க வருகிறவரின் இயந்திரக் கத்தி போய்விடும். அடுத்த முறை உன்னை உள்ளேயே விட மாட்டார்கள்.

அன்புடன்,
அம்மா